கனம் என்றால் தடிமன்

பல் மருத்துவரின் வரவேற்பறை மூலையில் நிற்கும் தொட்டிச் செடியின் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு லேசாகத் தேய்த்துப் பார்க்கிறார் இலையக்கா. ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கிடக்கிறது. வலி உயிர் போகிறது. ஆனாலும் விரல் சும்மா இருப்பதில்லை. "கால் மில்லிமீட்டர் இருக்கும். ஒரு முடி கொறச்சலா..." என்று முனகிவிட்டு, கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கிறார். உள்ளே இருப்பது மூக்குக்கண்ணாடி அல்ல, திருகு அளவி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கம்பியின் விட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி நம் எல்லோரையும் படாத பாடு படுத்திய அதே லாட வடிவக் கருவி. செவிலி வந்து, "அடுத்து நீங்கதாம்மா" என்கிறார். "பல்லு எங்கேயும் ஓடிடாதும்மா. இந்த இலைய முடிச்சுட்டு வந்துடறேன்" என்று பதில் வருகிறது.

இலையக்கா என்பது தெரு வைத்த பெயர். அடுத்தவர் வீட்டு வேலியோரம் அவர் குனிந்து நிற்பதைப் பார்த்துப் பூத் திருட வந்தவர் என்று நினைத்தவர்கள் முன்பு இருந்தார்கள். எதிர் வீட்டு ஓட்டுநர் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில், "கேட்டா நானே பறிச்சுத் தந்திருப்பேனேக்கா" என்றார். "பறிச்சுட்டா எனக்கு வேண்டாம் தம்பி. செடியில இருக்கிறப்பதான் வேணும்" என்றார் இவர். ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. செம்பருத்தி வைத்திருக்கும் வீட்டில் ஒரு முக்காலியே போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் தலையெடுத்து அவரவர் வழியைப் பார்த்துக்கொண்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க மனமில்லாமல், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர் அவர். வழிகாட்டும் பேராசிரியர் வயதில் அவரைவிட நன்றாகவே இளையவர். அவர் இவரை "மேடம்" என்பார். இவர் அவரை "சார்" என்பார். மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பதால், இருவரும் சேர்ந்து ஒரு வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிடும்.

ஆராய்ச்சியின் கேள்வி என்னவோ எளிமையானதுதான். தடித்த இலை நெடுநாள் வாழும், மெல்லிய இலை சீக்கிரம் உதிரும் என்று புத்தகம் சொல்கிறது. எல்லாச் செடிக்கும் அது பொருந்துமா? பொருந்தாது என்பது இலையக்காவின் கட்சி. சாறு நிரம்பி மெத்தென்று தடித்திருக்கும் சில இலைகள், பார்க்கப் புஷ்டியாக இருந்துகொண்டே, சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடுவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கண்ணால் பார்த்தது பேராசிரியருக்குப் போதாது. அவருக்கு எண் வேண்டும். எண்ணும் ஆடாமல் நிற்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ரப்பர் செடி, அரளி மாதிரியான தோல் இலைகள் நல்ல பிள்ளைகள். அளவியின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே வைத்துத் திருகினால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். பசலையும் கற்பூரவள்ளியும் காசித்தும்பையும் அப்படியில்லை. திருகை ஒரு இழை கூடுதலாகத் திருப்பினால் போதும், நசுங்கிக் கொடுத்துவிட்டு, தான் பிறந்ததிலிருந்தே இவ்வளவுதான் என்று சாதிக்கும். திருகின் நுனியில் இருக்கும் குமிழ், அழுத்தம் கூடினால் வழுக்கி 'டிக்' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். ஆனால் மென்மையான இலைக்கு அந்த 'டிக்' வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும். அதனால் இலையக்கா சத்தத்தை நம்புவதில்லை. இடது கையால் இலையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே வலது கையால் திருகுவார். "இழுத்தா வரணும். விட்டா விழக்கூடாது. அந்த எடந்தான் அளவு" என்பார். அந்த இடம் வந்ததும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது; மூச்சு மட்டும் நிற்கும்.

நடு நரம்பின் மேல் வைக்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு அளக்கக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் இழந்த இலை இளைத்திருக்கும். ஒவ்வொரு இலைக்குப் பிறகும் தாடையைத் துடைக்க வேண்டும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் வெறும் தாடையை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவர் சலிக்காமல் செய்வார். கற்பூரவள்ளியின் ரோமத்தைச் சேர்த்து அளப்பதா, விட்டுவிட்டு அளப்பதா என்று பேராசிரியரோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றார். "ஒங்க மீசையச் சேத்துதான் சார் போட்டோ எடுக்கறாங்க" என்று அவர் சொன்னதும், மீசையைத் தடவிக்கொண்டே பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

இலையோடு பேசும் பழக்கமும் உண்டு. "என்ன, நேத்து ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே?" என்று மிரட்டுவார். பூச்சி கடித்த இலையைப் பார்த்தால், "யாரும்மா ஒன்னை இப்படிப் பண்ணது?" என்று உருகுவார். வீட்டுக்காரருக்குத் திரைச்சீலைத் துணிக் கடை. இரவு பகலாகத் துணியைத் தடவிப் பார்த்தே வாழ்கிற மனிதர் என்பதால் மனைவியின் விரல்கள் அவருக்கு வேடிக்கையாகத் தெரிவதில்லை. ஆனால் துணிக்கடையில் தடிமன் என்ற சொல்லே கிடையாது. "நல்ல கனமான துணி", "கனம் பத்தாது" என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் 'தடிமன்' என்று சொல்லும் இலையக்கா, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சொல்லையும் கழற்றிவிட்டு 'கனம்' என்று சொல்லத் தொடங்கிவிடுவார். அந்தச் சொல்தான் கடைசியில் அவர் தலையில் கல்லைப் போட்டது.

அதற்கு முன் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் அக்கா, மேல் தளத்தில் தனியாக இருக்கிறார். தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் சன்னலில் உட்கார்ந்து, ஊரார் நீட்டும் பொட்டலங்களை எல்லாம் நிறுத்து, நூல் கட்டி, முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். விடைபெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு சின்னத் தபால் தராசைப் பரிசளித்தார்கள். அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பாரே தவிர, நிறுக்க அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. தம்பி மனைவியின் ஆராய்ச்சியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. "இலை தடியா இருந்தா என்ன, ஒல்லியா இருந்தா என்ன? அதுக்கென்ன மாப்பிள்ளையா பாக்கப் போறே?" என்பார். சொல்லிவிட்டு, பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் மேலே ஏறமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால், மென்மையான இலைச் செடிகளை எல்லாம் இலையக்கா வீட்டுப் பால்கனியிலேயே வளர்த்து வந்தார். முதிர்ந்த இலை ஒவ்வொன்றின் காம்பிலும் வண்ண நூல் கட்டியிருந்தார். எந்தச் செடியின் இலை எத்தனை நாள் வாழ்கிறது என்பது முன்பே கணக்காகிவிட்டது. தடிமன் மட்டும்தான் பாக்கி. முதலில் எடுத்த அளவுகள் ஆடுகின்றன என்று பேராசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார். "திங்கக்கிழமைக்குள்ள புது அளவு வந்தா சேத்துக்கலாம் மேடம். இல்லேன்னா அந்த அத்தியாயத்த எடுத்துட வேண்டியதுதான். இன்னொரு தடவ கெடு குடுக்க மாட்டாங்க" என்றார். அந்த அத்தியாயம் போனால் மிச்சம் இருப்பது புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஊர் வேலியெல்லாம் குனிந்து நிமிர்ந்திருக்க வேண்டியதில்லை என்பது இலையக்காவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடியற்காலையில் எல்லாவற்றையும் அளந்து முடிப்பதாகத் திட்டம். பால்கனி மேசையில் அளவியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு தொட்டியை நகர்த்தப் போனவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு பிசகியது. வீட்டுக்காரர் அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே மாவுக்கட்டுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இலையக்காவின் கண் கையில் இல்லை, சன்னலில் ஏறிக்கொண்டிருந்த வெயிலில் இருந்தது. இடது கையால் தொலைபேசியை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"அண்ணி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். பால்கனில நூல் கட்டின இலைக்கெல்லாம், வெயில் வர்றதுக்குள்ள கனம் எடுத்து எழுதி வெச்சுடுங்க."

"கனந்தானே? அத என்கிட்ட சொல்லணுமா? நீ கையப் பாத்துக்கோ."

நான் எப்படி அளக்கிறேன் என்று தினமும் பார்க்கிறவர்தானே என்று இவருக்கு நிம்மதி. நம்மிடமும் ஒரு வேலை சொன்னாளே என்று அவருக்குச் சந்தோஷம். தொலைபேசியை இருவரும் ஒரே மனநிறைவோடு வைத்தார்கள்.

மதியம் மாவுக்கட்டோடு வீடு திரும்பிய இலையக்கா நேராகப் பால்கனிக்குப் போனார். செடிகள் மொட்டையடித்த பிள்ளைகள் மாதிரி நின்றன. மேசை நடுவில் தபால் தராசு பளபளத்தது. பக்கத்தில் உறைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. நாத்தனார் பெருமிதத்தோடு கைகட்டி நின்றார்.

"எல்லாம் முடிச்சாச்சு. ஒண்ணு விடல."

"அண்ணி, இலை எங்க?"

"கவர்ல."

"பறிச்சுட்டீங்களா?"

"பின்னே, செடியோடயா தராசுல வெக்க முடியும்?"

இலையக்கா தராசைப் பார்த்தார், உறைகளைப் பார்த்தார். "கனம்னா தடிமன் அண்ணி! தடிமன்! அந்தத் திருகு அளவி கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு!" என்று கத்திவிட்டார். நாத்தனார் முகம் சுருங்கியது. "நீ கனம்னுதானே சொன்னே. எங்க ஆபீஸ்ல கனம்னா எடைதான். அந்தத் திருகாணிய வெச்சு நீ பண்றது வேற, இது வேறன்னு நெனச்சேன்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. இலையக்காவின் நாக்கு நுனியில் இன்னும் நாலு வார்த்தை நின்றது. அதைச் சொல்வதற்காகவே ஒரு உறையைக் கையில் எடுத்தார். உறையின் மேல் உருண்டையான தபால் கையெழுத்தில் செடியின் பெயர், நூலின் நிறம், கிளையில் மேலிருந்து எத்தனையாவது இலை, எடை எல்லாம் இருந்தன. காம்பில் கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தது. எந்தப் பார்சல் யாருடையது என்று இந்த மனுஷி வாழ்நாளில் குழப்பியதே இல்லை. சொல்ல வந்த நாலு வார்த்தையையும் இலையக்கா விழுங்கிக்கொண்டார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

செய்தி கேட்டுப் பேராசிரியர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர். "விட்டுடலாம் மேடம். கை முக்கியம். மத்த செடிங்க அளவே போதும்" என்றார்.

"போதும்ங்கறது ஒரு அளவு இல்லையே சார். திங்கக்கிழமை வந்துடறேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

பறித்த இலை வாடும், வாடினால் இளைக்கும். ஆனால் காம்பை நீரில் நிறுத்தி, இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இழந்த தண்ணீரைக் குடித்துப் பழைய உடம்புக்கு வந்துவிடும். வீட்டிலிருந்த தம்ளர், கிண்ணம், மருந்துப் புட்டி, பூச்சாடி எதுவும் தப்பவில்லை. வீட்டுக்காரர் முகம் மழிக்கும் குவளையைக்கூட காசித்தும்பை பிடித்துக்கொண்டது. துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே வரிசையாக அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். நாத்தனார் தம்ளர் தம்ளராகச் சுமந்தார். எந்தத் தம்ளரில் எந்த உறை என்று அவரே ஒட்டியும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைத் திறந்தபோது இலைகள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. இலையக்கா ஒரு பசலை இலையை இடது கை விரல்களில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "தேறிட்டே" என்றார் அதனிடம்.

அளக்க இரண்டு கை வேண்டும். இவரிடம் ஒன்றுதான் இருந்தது. இடது கையால் இலையை இழுத்துப் பார்ப்பது இவர், திருகுவது நாத்தனார் என்று முடிவாயிற்று. ஆனால் முத்திரை குத்திப் பழகிய கட்டைவிரல் அது. பயிற்சிக்கென்று வைத்த முதல் இலையிலேயே திருகை ஒரே முறுக்காக முறுக்கினார். சாறு பீறிட்டு இருவர் மூக்குக்கண்ணாடியிலும் தெறித்தது.

"அண்ணி, முத்திரை குத்தல நாம. தூங்கற கொழந்த மேல போர்வை போத்தறோம்."

"கொழந்தைன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? கருவின்னு சொன்னே, கருவி மாதிரி திருகினேன்."

அளவுக்கு உதவாத உதிரி இலைகளில் பழகிப் பழகி, நாத்தனாரின் விரல் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. இவர் இழுக்க, அவர் திருக, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க!" என்று இவர் சொல்ல, அவர் நிற்க, ஒரு கட்டத்தில் இவர் சொல்வதற்கு முன்பே அவர் நிற்க ஆரம்பித்தார். "வந்துடுச்சு பாரு" என்று அவருக்கே ஒரு பூரிப்பு. உண்மையான இலைகளைத் தொடங்கினார்கள். நாத்தனார் அளவைப் படித்துச் சொல்வார், சம்பந்தப்பட்ட உறையின் மேலேயே எழுதுவார், தாடையைத் துடைப்பார், அடுத்த தம்ளரை இழுப்பார். பார்சல் சன்னலின் பழைய வேகம் திரும்பியிருந்தது. வேகம் கூடக் கூடத் துடைப்பது மட்டும் பேருக்கு ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இலையை முறைப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் கடைக்குப் போய்விட்டார்.

கடைசி இலை முடிந்தது. நாத்தனார் முதுகை நிமிர்த்தி ஒரு பெருமூச்சு விட்டார். இலையக்காவுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. வழக்கம்போல, "வெறுமனே ஒருதரம் மூடிக் காட்டுங்க அண்ணி" என்றார். நாத்தனார் மூடினார். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இல்லை. இரண்டு கோடு தள்ளி நின்றது. இலையக்கா கருவியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாடையின் முகத்தில், நடுவில் எங்கோ ஒரு இலையின் சாறு ஒட்டிக் காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்திருந்தது.

"ரெண்டு கோடுதானே? எல்லாத்துலயும் ரெண்டக் கழிச்சுடு" என்றார் நாத்தனார்.

"எந்த இலைலேர்ந்து ஒட்டிச்சுன்னு தெரியாதே அண்ணி. முன்னாடி எடுத்ததுல கழிச்சா அது தப்பு. பின்னாடி எடுத்ததுல கழிக்காம விட்டா அதுவும் தப்பு."

"யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டு கோடு!"

இலையக்கா அளவியை முதல் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். நாத்தனார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "என்னால ஆகாதும்மா. கண்ணு பூத்துப் போச்சு, கழுத்து விட்டுப் போச்சு. நாளைக்கு அந்த சார்கிட்ட ரெண்டு கோடுன்னு சொன்னா கேக்க மாட்டாரா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், பக்கத்து அறைக் கட்டிலில் பொத்தென்று சாய்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலையிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெயில் பால்கனிக் கம்பியைத் தொட்டிருந்தது. இலைகள் இன்னும் நீரில்தான் நின்றன. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

அறையில் சாய்ந்திருந்த நாத்தனாருக்கு, ஈரத் துணியால் எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு தம்ளர் மேசையில் நகர்ந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"ஏய், என்ன பண்றே அங்க?"

நாத்தனார் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒன்னத்தான் கேக்கறேன்! ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றே?"

இலையக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அளவியை மாவுக்கட்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே நெருக்கி வைத்து, இடது கை விரல்களால் திருகைப் பிடித்திருந்தார். முதல் இலையின் காம்பு அவர் உதடுகளுக்கு நடுவே இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு, மூச்சை அடக்கி, தலையை மெல்லப் பின்னால் இழுத்தார்.